மகளிர் பணியும் நடுவுநிலைமையும்

மக்கள் வாழ்க்கைக்கு இன்றியமையாதனவற்றுள் தொழிலும் ஒன்று. தொழில் உணவு தருவது. அதனோடு, பிறர் கையை எதிர்பாராது வாழ்கின்றோம் என்னும் பெருமிதத்தையும் தருவது. ஆதலின், தகுதியுடைய ஒருவர்க்குத் தொழிலை மறுப்பது அவர்தம் உணவை மறுப்பதோடு ஒழியாது, மதிப்பையும் மறுப்பதாகும். இத்தகைய தீங்கு நிகழாமற் காப்பது நடுவுநிலைமை என்னும் அறம். திருவள்ளுவர் இவ்வறத்திற்கென ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். பகைவர், நண்பர், அயலார் என்னும் வேறுபாடு நோக்காது ஒரே நெறியில் நிற்றலே நடுவுநிலைமை என்று உரையாசிரியர் விளக்குவர். ஆண், பெண் என்னும் வேறுபாட்டிற்கும் இந்நெறி பொருந்தும் அன்றோ?

ஒருவரது கல்வியையும் திறமையையும் உழைப்பையும் அளந்து பாராது, அவர் ஆணா பெண்ணா என்பதனை மட்டுமே பார்த்துப் பணியிற் குறைவு செய்வது பால்வேற்றுமை எனப்படும். அது நான்கு இடங்களில் தோன்றும். பணியிற் புகும்போது தோன்றுவது ஒன்று. ஊதியம் பெறும்போது தோன்றுவது ஒன்று. உயர்வு பெறும்போது தோன்றுவது ஒன்று. பணியில் நிலைத்திருக்கும்போது தோன்றுவது மற்றொன்று. இந்நான்கிடத்தும் சட்டம் எவ்வாறு புகுந்து நீதி செய்ய முயன்றது என்பதனை அறிதல் நலம்.

பெண்கள் பணி செய்வது புதிய வழக்கம் என்று சிலர் எண்ணுவர். அஃது உண்மையன்று. நூல் நூற்ற பருத்திப் பெண்டிரையும், உப்பு விற்ற உமணர் மகளிரையும் சங்க நூல்கள் காட்டுகின்றன. ஔவையார் அதியமான் நெடுமானஞ்சியின் பொருட்டுத் தொண்டைமானிடம் தூது சென்றார் என்பது புறநானூற்றால் அறியப்படும் செய்தி. நாற்று நடுதல், களை பறித்தல், நெல் குற்றுதல் ஆகியவை நெடுங்காலமாகப் பெண்களின் கைகளாலேயே நடைபெற்று வந்தன. ஆகவே, பெண் பணி செய்யலாமா என்பது ஒருகாலத்தும் வினாவாக இருந்ததில்லை. அவள் செய்யும் பணிக்கு உரிய கூலியும் பதவியும் மதிப்பும் தரலாமா என்பதே வினாவாக இருந்தது.

ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்திற் கல்லூரிகள் பெருகின. பெண்களும் பயின்று பட்டம் பெற்றனர். ஆயினும் பட்டம் பெற்றவர் முன் பணியின் கதவு திறக்கவில்லை. சட்டக் கல்வியிற் பட்டம் பெற்ற ரெஜினா குகா என்னும் அம்மையார் வழக்குரைஞராகப் பதிவு செய்துகொள்ள விண்ணப்பித்தபோது, 1916ஆம் ஆண்டில் கல்கத்தா உயர்நீதிமன்றம் அவ்விண்ணப்பத்தை மறுத்துவிட்டது. மறுத்தற்குக் காட்டிய காரணம் வியப்பிற்குரியது. தகுதியுடைய ‘ஆள்’ எவரும் வழக்குரைஞர் ஆகலாம் என்று 1879ஆம் ஆண்டுச் சட்டம் கூறியது. அச்சட்டத்திற் குறிக்கப்பட்ட ‘ஆள்’ என்னும் சொல் ஆணையே குறிக்கும், பெண்ணைக் குறிக்காது என்று நீதிபதிகள் பொருள் கொண்டனர்.

தமிழ் இலக்கணம் பயிலும் மாணாக்கர் இதனை எளிதில் உணர்வர். ஒருவன் என்பது ஆண்பால். ஒருத்தி என்பது பெண்பால். ஒருவர் என்பது இருபாற்கும் பொது. சட்டம் ‘ஒருவர்’ என்று கூறியதனை ‘ஒருவன்’ என்று படித்தமையே அங்கு நிகழ்ந்த பிழை. ஒரு சொல்லுக்குக் கொண்ட குறுகிய பொருளால், நாட்டின் மக்களிற் பாதிப் பேர்க்கு ஒரு தொழிலே மூடப்பட்டது. 1923ஆம் ஆண்டிற் பெண் வழக்குரைஞர் பற்றிய தனிச் சட்டம் ஒன்று இயற்றப்பட்ட பின்னரே, பெண் என்னும் காரணத்தால் எவரையும் அத்தொழிலினின்று விலக்கலாகாது என்பது உறுதியாயிற்று.

நாடு விடுதலை பெற்றபின், 1950ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 26ஆம் நாள் இந்திய அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது. அதன் 14ஆம் பிரிவு, சட்டத்தின்முன் யாவரும் நிகர் என்று கூறுகின்றது. 15ஆம் பிரிவு, சமயம், இனம், சாதி, பால், பிறப்பிடம் ஆகியவை காரணமாக அரசு எவரிடத்தும் வேற்றுமை காட்டலாகாது என்று விலக்குகின்றது. 16ஆம் பிரிவு, அரசுப் பணிகளில் அனைவர்க்கும் ஒத்த வாய்ப்பினை வழங்குகின்றது. அரசு பின்பற்ற வேண்டிய நெறிகளைத் தொகுத்துரைக்கும் பகுதியில், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒத்த வேலைக்கு ஒத்த ஊதியம் வேண்டும் என்பதும், மகப்பேற்றுக் காலத்தில் துணைபுரிதல் வேண்டும் என்பதும் இடம்பெற்றுள்ளன.

இங்கு ஓர் ஐயம் எழலாம். அனைவரும் நிகர் என்று கூறிய அதே அரசியலமைப்பு, 15ஆம் பிரிவிலேயே பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அரசு தனி ஏற்பாடுகள் செய்யலாம் என்றும் கூறுகின்றது. இவை தம்முள் முரணாவோ எனின், முரணா. மேடுபள்ளம் உள்ள வயலில் ஒரே அளவு நீரைப் பாய்ச்சினால், பள்ளம் நிரம்பும், மேடு காயும். எல்லாப் பயிரும் ஒப்ப நீர் பெற வேண்டுமாயின், முதலில் நிலத்தைச் சமன்செய்தல் வேண்டும். பெண்களுக்குரிய தனி ஏற்பாடு அத்தகையது. ஆனால், காப்பதற்கெனச் செய்யும் ஏற்பாடு வேறு. காப்பது போலக் காட்டி விலக்கிவைக்கும் தடை வேறு. இவ்விரண்டனையும் பிரித்தறிவதிலேயே நடுவுநிலைமையின் நுட்பம் அடங்கியிருக்கின்றது.

பெண்களைப் பணியினின்று விலக்கிய தடைகளுள் பெரியது திருமணத் தடை. திருமணம் ஆகாத வரையில் ஒரு பெண் பணியில் இருக்கலாம். மணம் முடித்த அன்றே பணியைத் துறத்தல் வேண்டும் என்னும் விதி பல நிறுவனங்களில் இருந்தது. பம்பாயில் மருந்துகளைப் பொதியும் நிறுவனம் ஒன்றில் இருந்த இத்தகைய விதியைத் தொழிலாளர் சங்கம் எதிர்த்தது. மணமான பெண்கள் அடிக்கடி வாராது நின்றுவிடுவர். அதனாற் குழுவாகச் செய்யும் வேலை கெடும் என்பது நிறுவனத்தின் வாதம். 1965ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்கவில்லை. மணமாகாதவரைவிட மணமானவர் மிகுதியாக வாராதிருப்பர் என்று கொள்ளுதற்கு ஆதாரம் இல்லை; மகப்பேற்று விடுப்பு ஒன்றே வேறுபாடு; அதன்பொருட்டுச் சிலரைக் கூடுதலாக அமர்த்திக் கொள்ளலாம் என்று கூறி, அவ்விதியை நீக்கியது.

தனியார் நிறுவனத்தில் மட்டுமன்றி, அரசின் உயர்ந்த பணியொன்றிலும் அத்தகைய தடை இருந்தது. அதனை வெளிப்படுத்தியவர் சி. பி. முத்தம்மா என்னும் அம்மையார். குடகு நாட்டில் 1924ஆம் ஆண்டிற் பிறந்த இவர், சென்னையிற் கல்லூரிக் கல்வி பயின்றவர். 1949ஆம் ஆண்டில் இந்திய அயலுறவுப் பணியிற் சேர்ந்தவர். அப்பணியிற் சேர்ந்த முதற் பெண்மணி இவரே. பிற்காலத்தில் அங்கேரி நாட்டிற்கு இந்தியத் தூதராக அனுப்பப்பட்டார். ஔவையார் தூது சென்ற நாட்டிற் பிறந்த ஒரு பெண் மீண்டும் தூதராவதற்கு எத்தனை தடைகள் இருந்தன என்பது இவர் வரலாற்றால் விளங்கும்.

பணியிற் சேரும்போதே, திருமணம் செய்துகொண்டால் பதவியைத் துறப்பேன் என்னும் உறுதிமொழி இவரிடம் எழுதி வாங்கப்பட்டது. 1961ஆம் ஆண்டின் விதிகளும் அதே போக்கில் அமைந்தன. அயலுறவுப் பணியில் உள்ள பெண், திருமணத்திற்குமுன் அரசின் எழுத்து வடிவான இசைவைப் பெறல் வேண்டும். குடும்பக் கடமைகள் அவள் அலுவலுக்கு இடையூறாகும் என்று அரசு கருதினால், மணத்திற்குப்பின் அவளைப் பதவி விலகச் சொல்லலாம். மணமான பெண் எவளும் அப்பணியில் அமர்த்தப்படுதலை உரிமையாகக் கேட்டல் இயலாது. ஆண் அலுவலர்க்கோ இத்தகைய நிபந்தனை ஒன்றும் இல்லை.

பல்லாண்டு பணியாற்றிய முத்தம்மாவிற்கு உரிய பதவி உயர்வு மறுக்கப்பட்டது. தகுதி போதாது என்று காரணம் கூறப்பட்டது. அவர் உச்சநீதிமன்றத்தை அணுகினார். வழக்கு விசாரணைக்கு வருமுன்னரே அரசு அவர்க்குப் பதவி உயர்வு அளித்துவிட்டு, இனி வழக்கு வேண்டா என்றது. 1979ஆம் ஆண்டு தீர்ப்பளித்த நீதிபதி வி. ஆர். கிருஷ்ண ஐயர், உயர்வு கிடைத்துவிட்டமையால் வழக்கை முடித்துவைத்தார். ஆயினும் அத்துடன் அமையவில்லை. குடும்பக் கடமை பெண்ணின் அலுவலுக்கு இடையூறாகும் என்றால், ஆணின் அலுவலுக்கும் அவ்வாறே இடையூறாகலாம் அன்றோ என்னும் நேரிய வினாவை எழுப்பினார். அவ்விதிகள் அரசியலமைப்பிற்கு மாறானவை என்று கடிந்துரைத்தார். பணி விதிகள் முழுவதனையும் ஆராய்ந்து, பால்வேற்றுமையின் கறையை நீக்குமாறு அரசுக்கு அறிவுறுத்தினார். அவ்விரு விதிகளுள் ஒன்று அதற்கு முன்பே நீக்கப்பட்டிருந்தது. மற்றொன்றும் நீங்கும் நிலையில் இருந்தது.

இவ்வழக்கினால் விளங்கும் உண்மை யாது? ஒரு விதி நேரியதா என்று அறிய வேண்டுமாயின், அதனை ஆணுக்கும் பொருத்திப் பார்த்தல் வேண்டும். ஆணிடம் கேட்கத் துணியாத ஒன்றைப் பெண்ணிடம் மட்டும் கேட்பதாயின், அவ்விதி வேலையின் தேவையிலிருந்து பிறந்ததன்று. வழக்கத்திலிருந்து பிறந்ததே ஆகும்.

எனினும் நீதிமன்றங்கள் எப்போதும் ஒரே நேர்கோட்டிற் சென்றன என்று கூறுதல் இயலாது. ஏர் இந்தியா நிறுவனத்தின் விமானப் பணிப்பெண்கள் 35 வயதிலோ, பணியிற் சேர்ந்த நான்கு ஆண்டுகளுக்குள் மணம் செய்துகொண்டாலோ, முதன்முறை கருவுற்றாலோ, இவற்றுள் எது முந்துகின்றதோ அப்போது பணியை விட்டு நீங்குதல் வேண்டும் என்று விதி இருந்தது. விமானத்திற் பணிபுரிந்த ஆண்களோ 58 வயதுவரை பணியில் இருக்கலாம். 1981ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம், கருவுற்றமைக்காகப் பணியினின்று நீக்குவது கொடுமை என்று கூறி அப்பகுதியை நீக்கியது. ஆயினும், முதல் நான்கு ஆண்டுகளுக்குள் மணம் செய்துகொள்ளலாகாது என்னும் பகுதியை நிலைநிறுத்திவிட்டது. ஆண் பணியாளரும் பெண் பணியாளரும் வெவ்வேறு பிரிவினர் என்றும் கருதியது. ஒரே விமானத்தில் ஒரே பயணிகளுக்குப் பணி செய்வோரை இருவேறு பெயரிட்டு அழைத்தால், வேற்றுமையும் நெறியாகிவிடும் போலும்!

காலம் தாழ்த்தாது கிடைக்கும் நீதியே முழுமையான நீதி. இராணுவச் செவிலியர் பணியில் இருந்த பெண் அதிகாரி ஒருவர், திருமணம் செய்துகொண்ட காரணத்தால் 1988ஆம் ஆண்டிற் பணியினின்று விடுவிக்கப்பட்டார். அவ்வாறு விடுவிப்பதற்கு இடந்தந்த ஆணை 1995ஆம் ஆண்டில் மீட்டுக் கொள்ளப்பட்டது. ஆனால் அவர்க்கு இறுதி நீதி கிடைத்தது 2024ஆம் ஆண்டிலேதான். திருமணத்தைக் காட்டிப் பெண்ணைப் பணிநீக்கம் செய்வது மனித மாண்பிற்கே இழுக்கு என்று கருதிய உச்சநீதிமன்றம், 60 இலட்சம் ரூபாய் இழப்பீடாக அளிக்குமாறு ஆணையிட்டது. நீதி வந்தது, ஆயினும் இடையிற் கழிந்த 36 ஆண்டுகளை எத்தொகையால் ஈடுசெய்ய இயலும்?

இனி ஊதியத்தை நோக்குவோம். ஒத்த வேலைக்கு ஒத்த ஊதியம் என்னும் உலகத் தொழிலாளர் அமைப்பின் உடன்படிக்கை 1951ஆம் ஆண்டில் உருவாயிற்று. இந்தியா 1958ஆம் ஆண்டில் அதனை ஏற்றது. 1976ஆம் ஆண்டிற் சம ஊதியச் சட்டம் இயற்றப்பட்டது. அரசியலமைப்பின் வேற்றுமை விலக்கும் பிரிவுகள் பெரும்பாலும் அரசையே கட்டுப்படுத்துவன. ஆதலின் தனியார் நிறுவனங்களையும் கட்டுப்படுத்த இத்தகைய சட்டம் இன்றியமையாததாயிற்று. 2019ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட ஊதியச் சட்டத் தொகுப்பும் அந்நெறியைத் தன்னகத்தே ஏற்றுக்கொண்டது.

இச்சட்டம் பயன்பட்ட வகைக்கு ஒரு சான்று காணலாம். கப்பல் தொழிலில் ஈடுபட்ட பம்பாய் நிறுவனம் ஒன்றில், பெண் சுருக்கெழுத்தர்களுக்கு ஆண் சுருக்கெழுத்தர்களைவிடக் குறைந்த ஊதியம் அளிக்கப்பட்டது. பெண்கள் உயர் அலுவலர்களிடம் பணிபுரிவதால் அவர்தம் வேலை வேறு என்றும், சங்கத்துடன் செய்த உடன்பாட்டின்படியே ஊதியம் தரப்படுகின்றது என்றும், மிகுதியாகத் தருவதற்குப் பொருள் இல்லை என்றும் நிறுவனம் வாதிட்டது. 1987ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் இம்மூன்றனையும் மறுத்தது. வேலையின் பெயரை நோக்காது வேலையின் தன்மையை நோக்குதல் வேண்டும். சிறு வேறுபாடுகளைப் பெரிதாக்கலாகாது. பொருள் இல்லை என்பது வேற்றுமைக்குக் காரணம் ஆகாது என்பன அத்தீர்ப்பின் கருத்துக்கள்.

மகப்பேறு பெண்ணுக்கே உரியது. அதன் பயனோ குடும்பத்திற்கும் நாட்டிற்கும் உரியது. ஆதலின் அதன் சுமையைப் பெண் ஒருத்தியே தாங்குதல் முறையன்று. இக்கருத்தால் 1961ஆம் ஆண்டில் மகப்பேற்று நலச் சட்டம் இயற்றப்பட்டது. அதனால் 12 வார ஊதிய விடுப்புக் கிடைத்தது. 2017ஆம் ஆண்டுத் திருத்தம், முதல் இரு குழந்தைகளுக்கு அதனை 26 வாரமாக உயர்த்தியது. 50 பேர்க்குக் குறையாது பணிபுரியும் இடங்களிற் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றும் விதித்தது. சட்டம் அலுவலகத்தில் அமர்ந்திருப்போர்க்கு மட்டும் உரியதன்று. தில்லி மாநகராட்சியில் வெயிலில் நின்று சாலைப் பணி செய்த நாட்கூலிப் பெண்களுக்கு மகப்பேற்று நலன் மறுக்கப்பட்டபோது, அவர்களும் அதற்கு உரியவரே என்று உச்சநீதிமன்றம் 2000ஆம் ஆண்டிற் கூறியது. ஆயினும் இதில் ஓர் இடர் உண்டு. விடுப்புக்காலச் செலவைப் பல இடங்களில் நிறுவனமே ஏற்க வேண்டியிருத்தலின், பெண்ணைப் பணிக்கு எடுக்கவே தயங்குவோர் உளர். நலம் செய்ய வந்த சட்டமே வாயிலை அடைக்கும் சாக்காகிவிடாமற் பார்த்துக்கொள்ளுதல் வேண்டும்.

காப்பும் தடையும் வேறு வேறு என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், பெண்களைக் காலை 6 மணிக்கும் இரவு 7 மணிக்கும் இடையில் மட்டுமே வேலை செய்ய விட்டது. இரவு வேலை பெண்களுக்குத் தீங்கு தரும் என்பது அதன் கருத்து. நல்லெண்ணத்தோடு எழுதப்பட்ட அவ்விதி, இரவுமுறை உள்ள ஆலைகளிற் பெண்களுக்கு வேலை வாய்ப்பைக் குறைத்தது. சென்னை உயர்நீதிமன்றம் 2000ஆம் ஆண்டில் அவ்விதி செல்லாது என்றது. அதே வேளையில், இரவிற் பணி செய்யும் பெண்களுக்கு ஊர்தி வசதியும் ஓய்வறையும் தொல்லையினின்று பாதுகாப்பும் வேண்டும் என்று நிபந்தனைகளையும் விதித்தது. இரவில் அச்சம் உண்டாயின் அச்சத்தைப் போக்குதல் வேண்டுமேயன்றிப் பெண்ணை வீட்டிற்கு அனுப்புதல் தீர்வாகாது என்பதே அத்தீர்ப்பின் உட்பொருள்.

பணியிடத்திற் பெண்ணின் மானத்திற்குக் கேடு செய்யும் சொல்லும் செயலும் வேற்றுமையின் கொடிய வடிவங்களே. 1997ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் இதற்கென நெறிமுறைகளை வகுத்தது. 2013ஆம் ஆண்டில் தனிச் சட்டம் பிறந்தது. பத்துப் பேர்க்குக் குறையாது பணிபுரியும் இடந்தோறும் முறையீட்டைக் கேட்கும் குழு ஒன்று இருத்தல் வேண்டும் என்பது அச்சட்டத்தின் கட்டளை. இராணுவத்தில் நிரந்தரப் பணியும் தலைமைப் பொறுப்பும் பெண்களுக்கு ஒவ்வா என்னும் வாதத்தையும் உச்சநீதிமன்றம் 2020ஆம் ஆண்டில் மறுத்துரைத்தது.

இத்தனை சட்டங்களும் தீர்ப்புகளும் தோன்றிய பின்னரும் வேற்றுமை முற்றும் ஒழிந்துவிடவில்லை. வயலிலும் கட்டட வேலையிலும் செங்கற் சூளையிலும் உழைப்போர்க்குப் பணி ஆணையும் இல்லை. ஊதியப் பதிவேடும் இல்லை. அங்கு ‘ஆண்கூலி’, ‘பெண்கூலி’ என்று இருவேறு கூலி பேசுதல் வழக்கமாக உள்ளது. கலவை சுமக்கும் பெண் சித்தாள் எனப்படுவாள். பல்லாண்டு உழைத்தும் கொத்தனாராக உயர்வது அரிது. எழுதப்பட்ட விதியாயின் நீதிமன்றம் அதனை நீக்கிவிடும். எழுதப்படாத வழக்கத்தை எம்மன்றம் நீக்கும்? அதனை நீக்கவல்லது மக்களின் மனமாற்றம் ஒன்றே.

ஆதலின், நாளை அலுவலராகவும் முதலாளியாகவும் தொழிலாளியாகவும் விளங்கப் போகும் மாணாக்கர் மூன்று வினாக்களை மனத்திற் பதித்துக் கொள்ளுதல் வேண்டும். இந்த நிபந்தனை வேலையின் தன்மையால் வேண்டப்படுவதா, வழக்கத்தால் வேண்டப்படுவதா? இதனை ஆணிடமும் கேட்போமா? இது பெண்ணுக்குத் துணை செய்கின்றதா, துணை செய்வதுபோல விலக்கி வைக்கின்றதா? இவ்வினாக்களுக்கு நேர்மையாக விடை காண்பவர் நடுவுநிலைமையினின்று பெரும்பாலும் தவறமாட்டார்.

மேலே கூறப்பட்ட உரிமைகளுள் ஒன்றேனும் கேளாமற் கிடைத்ததன்று. மருந்துப் பொதி கட்டியவரும், சுருக்கெழுத்து எழுதியவரும், சாலையில் உழைத்தவரும், நாட்டின் தூதராய் விளங்கியவரும் அஞ்சாது கேட்டமையாலேயே சட்டம் அசைந்தது, விதிகள் மாறின. அவர்கள் பெற்ற வெற்றி அவர்களோடு நின்றுவிடவில்லை. பின்வந்த பல்லாயிரம் பெண்களுக்கும் பயன்பட்டது. அவ்வுரிமைகளை அறிந்து போற்றுதலும், வீட்டிலும் பள்ளியிலும் இன்றே அவற்றைக் கடைப்பிடித்தலும் மாணாக்கர் ஒவ்வொருவரின் கடமையாகும்.